மிகைபடக் கூறலும் குன்றக் கூறலும்

(வேலூர் வட்டாரத்தில் ஆசிரியரும் மாணாக்கரும் உழவரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



பாலாற்றின் கரையிலே கூடியுள்ள இவ்வவையின்முன் இன்று ஆய்வுக்கு வைக்கப்பெறுவது ஒரே ஒரு சொல். அது புலவர்க்கு மட்டுமே உரிய அருஞ்சொல் அன்று. நாள்தோறும் செய்தித்தாளில் கண்ணிற் படுவது. மேடைதோறும் காதில் விழுவது. வழக்காடு மன்றங்களில் இரு திறத்தாரும் மாறி மாறி எறிவது. ‘மிகை’ என்பதே அச்சொல். “இது மிகைப்படுத்தப்பட்ட செய்தி” என்று ஒருவர் கூறிவிட்டாற் போதும். எதிரே நிற்பவன் கூறிய அனைத்தும் ஒரு நொடியில் மதிப்பிழந்து போகின்றன. அவனைப் பொய்யன் என்று எவரும் கூறவில்லை. ஆயினும் அவனை நம்ப வேண்டா என்று கூறியாயிற்று!

இத்துணை ஆற்றல் வாய்ந்த ஒரு சொல்லை ஆள்பவர் யாவர்? எவரை நோக்கி ஆள்கின்றனர்? எந்த அளவுகோலைக் கையிற் கொண்டு ஆள்கின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் அச்சொல்லின் பொருளை அகரமுதலியில் மட்டும் தேடிப் படிப்பது, தோலின் நிறத்தைப் பார்த்துவிட்டு அது பதனிட்ட தோலா பச்சைத் தோலா என்று பாராமற் போவதை ஒக்கும். தோல் தொழில் தழைத்த இம்மண்ணின் மக்களுக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சொல்லின் பிறப்பு

முதற்கண் சொல்லின் பிறப்பைக் காண்போம். தொகு என்னும் வினையிலிருந்து தொகை. வகு என்பதிலிருந்து வகை. நகு என்பதிலிருந்து நகை. தகு என்பதிலிருந்து தகை. அவ்வாறே மிகு என்னும் வினை ஐகார ஈறு பெற்று மிகை ஆயிற்று. மிக, மிக்க, மிகுதி, மிஞ்சுதல், மிச்சம், மிச்சில் ஆகிய அனைத்தும் இவ்வொரு குடும்பத்து மக்களே. அடுக்களையில் நின்று “சோறு மிச்சம் இருக்கிறதா?” என்று வினவும் தாயும், அவையில் நின்று “இது மிகை” என்று மறுக்கும் புலவரும் ஒரே வேரிலிருந்தே சொல் எடுக்கின்றனர். கற்றோர் வழக்கும் கல்லார் வழக்கும் ஒரே ஊற்றிலிருந்து நீர் உண்பது தமிழுக்குள்ள தனிச் சிறப்பு.

இத்தகைய வளமான குடும்பம் இருக்கவும், இடைக்காலத்தில் ‘அதிகம்’ வந்து புகுந்தது. ‘அதிசயோக்தி’ வந்து புகுந்தது. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்குப் பிறகு இவ்வட்டாரத்துக் கடைத்தெருக்களில் ‘கம்மி’, ‘சாசுத்தி’ என்னும் இரட்டையர் குடியேறினர். தோல் மண்டியில் எடை போடும்போதும் ‘கம்மி’; கூலி கொடுக்கும்போதும் ‘கம்மி’; வேலை வாங்கும்போது மட்டும் ‘சாசுத்தி’! குறைவு, கூடுதல் என்னும் எளிய தமிழ்ச்சொற்கள் நாவில் வாராமற் போனமைக்கு அவற்றின்பால் குறை யாதும் இல்லை. ஆள்வார் இல்லாமையே குறை. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981) இளமையிற் கல்வி பயின்றதும், பின்னர்த் தமிழாசிரியராக அமர்ந்து பணியாற்றியதும் இவ்வட்டாரத்து ஆம்பூரிலேயே என்பதை இங்குள்ளோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டுவதற்கே வாழ்நாளை ஈந்த பேரறிஞர் நடந்த தெருக்களில், வேருள்ள சொற்கள் வாடலாமா?

வள்ளுவர் கையிற் பிடித்த துலாக்கோல்

‘மிகை’ என்னும் சொல் தொடக்கத்தில் பழிச்சொல்லாக இருந்ததா? இல்லை. திருக்குறளை எடுத்துப் பாருங்கள். ‘தெரிந்து தெளிதல்’ என்னும் பகுதியில், ஒருவனுடைய குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே நாடி, அவற்றுள் எது கூடுதல் என்று கண்டு, அதனைக்கொண்டு அவனை மதிப்பிட வேண்டும் என்கிறார் வள்ளுவர் (குறள் 504). அங்கே மிகை என்பது துலாக்கோலின் தாழ்ந்த தட்டு, அவ்வளவே. அதிற் புகழும் இல்லை, பழியும் இல்லை.

‘துறவு’ என்னும் பகுதியில், பிறவியை அறுக்கத் துணிந்தார்க்கு உடம்பும் மிகை என்னும் கருத்து வருகின்றது (345). அங்கே மிகை, வேண்டாத சுமை என்று பொருள்படுகின்றது. ‘பொறையுடைமை’யில் மிகுதி என்பது செருக்கைக் குறிக்கின்றது (158). ‘வலியறித’லிலோ, மயிற்பீலியே ஆயினும் அளவுக்குமேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரிக்கின்றார் (475).

ஆக, கூடுதல், வேண்டாமை, செருக்கு, கேடு என்று ஒரே வேர் நான்கு படிகளில் இறங்கி வருதலைக் காண்கின்றோம். இந்நான்கிற்கும் பொதுவான ஒன்று உண்டு. நான்கிலும் ஓர் அளவு முன்னே நிற்கின்றது. குணத்திற்கு எதிர்த்தட்டில் குற்றம் நிற்கின்றது. மயிற்பீலிக்கு எதிரே அச்சின் வலிமை நிற்கின்றது. அளவு இல்லாத இடத்தில் மிகையும் இல்லை! படியை வைத்துக்கொண்டுதான் ‘படிக்குமேல்’ என்று சொல்ல இயலும். ஆதலால், “நீ கூறுவது மிகை” என்று ஒருவன் வாய்திறந்தால், “உண்மையான அளவு இஃது” என்று காட்டும் கடமையும் அவன் தோளில் ஏறிக்கொள்கின்றது. அதைக் காட்டாதவன் மறுத்தவன் ஆகான்; வாயை அடைத்தவனே ஆவான்.

இலக்கணத்தார் வகுத்த குற்றம்

அடுத்து இலக்கண நூலாரிடம் செல்வோம். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பவணந்தியார் தம் நன்னூற் பாயிரத்தில் எண்ணிக் காட்டுகின்றார். அவற்றுள் மிகைபடக் கூறல் ஒன்று என்பதைப் பள்ளி மாணாக்கரும் அறிவர். ஆயின் அஃது அப்பட்டியலில் இரண்டாவதாகவே நிற்கின்றது. முதலாவதாக நிற்பது யாது? குன்றக் கூறல்! சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுதலும், பெரியதைச் சிறியதாக்கிக் காட்டுதலும் அவ்வொரு பெயருள் அடங்கும். தொல்காப்பிய மரபியலிலும் இவ்விரண்டும் இணைந்தே வருகின்றன. நம் முன்னோர் இவற்றை இரட்டைக் குற்றமாகவே கண்டனர். நாமோ இரட்டையருள் ஒருவனை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு, மற்றவனைத் திண்ணையில் அமர்த்தி மோர் கொடுத்துக் கொண்டிருக்கின்றோம்!

இன்னொரு நுட்பமும் உண்டு. நன்னூலார் கூறும் மிகைபடக் கூறல், வேண்டிய அளவுக்குமேற் சொற்களைப் பெய்தல். ஒரு சொல்லால் முடிவதற்கு மூன்று சொல் செலவிடுதல் அது. இன்று மக்கள் ‘மிகைப்படுத்தல்’ என்று குறிப்பதோ, செய்தியின் அளவையே ஊதிப் பெருக்குதல். புலவர் பாடும் உயர்வு நவிற்சியோ இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே, ஒருபுறம் நல்ல புலவனைப் புளுகன் என்கின்றனர். மறுபுறம் நல்ல புளுகனைப் புலவன் என்கின்றனர்.

சொல் மிகுந்தால் அது மிகைபடக் கூறல். செய்தியின் அளவைக் கூட்டினால் அது மிகைப்படுத்தல். கேட்போனும் அறிந்து மகிழுமாறு அழகுக்காக உயர்த்தினால் அஃது உயர்வு நவிற்சி. இல்லாததை உண்டென்றால் அது பொய். இந்நான்கையும் மாணாக்கர் மனத்திற் பதித்துக்கொள்க.

உயர்வு நவிற்சியின் வரம்பு

வடமொழித் தண்டியின் நூலைத் தழுவிக் கி.பி. 12ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கருதப்பெறும் தண்டியலங்காரம், இவ்வணியை ‘அதிசயம்’ என்னும் வடசொல்லாற் குறித்தது. பொருள், குணம், தொழில், ஐயம், துணிவு, திரிபு என்று அதனை ஆறாக வகுத்தும் காட்டியது. பெயர் வடமொழியே ஆயினும், அதற்கு அந்நூல் வகுத்த இலக்கணம் எண்ணத்தக்கது. பாடுபவன் தன் உள்ளத்திற் பட்ட ஒரு பொருளின் அழகை உவந்து உரைக்க வேண்டும். உரைக்குங்கால் உலகத்தின் வரம்பைக் கடவாதிருக்க வேண்டும். சான்றோர் கேட்டு வியக்க வேண்டும். இம்மூன்றும் பொருந்தினாலேயே அணி, இல்லையேல் பிணி! பிற்காலத்தார் இதற்கு ‘உயர்வு நவிற்சி’ என்று நல்ல தமிழ்ப்பெயர் வழங்கினர். நவிலுதல் என்றால் வெறுமனே பேசுதல் அன்று. தோய்ந்து பயின்று சொல்லுதல். பெயரிலேயே பொறுப்பு அமைந்துகிடக்கின்றது.

கம்பர் கோசல நாட்டைப் பாடுங்கால், அங்கே வறியவர் எவரும் இல்லாமையால் ஈகைக்கு இடமில்லாமற் போயிற்று என்கின்றார். கேட்போர் எவரும் ஏமாறுவதில்லை. இப்படியும் ஒரு நாடு வாய்க்காதா என்று ஏங்குகின்றனர். கபிலரோ பாரியைப் பாடும் பாட்டொன்றில் (புறம் 107), புலவரெல்லாம் பாரி ஒருவனையே ஏத்துகின்றனரே, உலகைக் காக்க மழையும் ஒன்று உண்டன்றோ என்று பழிப்பதுபோல் புகழ்கின்றார். வள்ளலை மழைக்கு நிகராக்கிய இவ்வுயர்வினால் எவருக்கும் இழப்பில்லை. எவர் கண்ணிலும் மண் தூவப்படவில்லை.

அதே கழகக் காலத்தில், கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பாடிய வன்பரணர் மற்றொரு செய்தியையும் சொல்லி வைத்தார் (புறம் 148). பெருமையற்ற மன்னரைப் புகழ வேண்டி, அவர்கள் செய்யாதவற்றைச் செய்ததாகக் கூறும் வழக்கத்தைத் தம் நா அறியாது என்பது அவர் கூற்றின் கருத்து. புலவன் எவ்வளவு உயர்த்திப் பாடினாலும், செய்யாததைச் செய்ததாகப் பாடலாகாது என்பதே அவ்வெல்லைக்கோடு. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குமுன், வறுமையில் உழன்ற ஒரு புலவர் வயிற்றைப் பாராமல் கிழித்த கோடு அது. இன்று பல்லாயிரம் உருபா செலவிட்டுப் பலகை நிறுத்துவார்க்கும், வாழ்த்துச் சுவரொட்டி ஒட்டுவார்க்கும் அக்கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

மக்கள் வழக்கிலுள்ள செல்வம்

ஏட்டை விட்டுத் தெருவுக்கு வருவோம். மிகையைக் குறிக்கத் தெருவழக்கில் ‘பீலா’, ‘உடான்சு’, ‘பந்தா’ என்று பல சொற்கள் உலவுகின்றன. இவை போனால் தமிழில் வேறு சொல் இல்லையோ என்று அஞ்ச வேண்டா. நம் மக்கள் வழக்கிலேயே ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு சொல் ஒளிந்து கிடக்கின்றது.

கதையளத்தல் என்பது ஒன்று. அளத்தல் என்றால் அளவிடுதல். அளவே இல்லாமற் பேசுபவனை ‘அளக்கிறான்’ என்று சொன்ன சிற்றூரானின் நகைச்சுவையை என்னென்பது! கயிறு திரித்தல் மற்றொன்று. கைப்பிடி நாரிலிருந்து முழக்கணக்கில் நீளும் கயிறுபோல, ஒரு சிறு செய்தியை நீட்டிக்கொண்டே போதல் அது. கண், காது, மூக்கு வைத்தல் என்பது, செய்தி ஒவ்வொரு வாயிலும் ஓர் உறுப்புப் பெற்று முழு உருவாதல். பீற்றிக்கொள்ளல் என்பது தன்னைத் தானே உயர்த்தல். இதனையே தண்டியலங்காரம் தன்மேம்பாட்டுரை என்று பெயரிட்டு ஓர் அணியாகவும் வைத்தது. வாய்ப்பந்தல் என்பது காலே நடாமல் வாயாற் போடும் பந்தல். தேர்தற் காலத்தில் ஊர்தோறும் இது நிழல் தரும்! இட்டுக்கட்டல் என்பது வித்தே இல்லாமல் விளைப்பது.

ஆம்பூரில் பிரியாணிக் கடைகள் நெடுஞ்சாலையின் இருமருங்கும் நிற்கின்றன. ஒரு கடைப் பலகை ‘முதன்மையானது’ என்னும். அடுத்த கடைப் பலகை ‘உண்மையான முதன்மையானது’ என்னும். இம்மிகையால் எவருக்கும் கேடில்லை. உண்பவன் நாக்கு அளவுகோலாக அங்கேயே இருக்கின்றது. ஒரு பிடியில் தீர்ப்பு வந்துவிடும். அளவுகோல் மக்கள் கையில் இருக்கும்வரை மிகை வெறும் விளையாட்டே. அளவுகோல் மக்கள் கையை விட்டுப் போகும்போதுதான் அது கொடுமை ஆகின்றது.

பாலாற்றின் பெயரும் நீரும்

இனி, ஆற்றுக்கு வருவோம். பாலாறு என்னும் பெயரே ஓர் உயர்வு நவிற்சி. நீரைப் பால் என்று போற்றிய உள்ளத்தின் உவகை அது. கருநாடகத்தில் தோன்றி, ஆந்திரம் கடந்து, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டிற் புகுந்து, செங்கற்பட்டுக்குத் தெற்கே கடலிற் கலக்கும் 348 கிலோமீட்டர் நீள ஆற்றில் 222 கிலோமீட்டர் நம் நிலத்தில் உள்ளது. மேலே நீர் ஓடாத நாளிலும் மணலுக்கடியில் நீர் ஓடும்; ஊற்றுக்கால் தோண்டி வயலுக்குப் பாய்ச்சியவர் நம் உழவர்.

இக்கரையில் தோல் பதனிடும் தொழில் தழைத்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று. பின்னர்க் குரோமிய உப்பு வந்தது. விரைவும் வருவாயும் பெருகின. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வரும். தொட்டியில் ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பு நீரோடு போகும். மயிர் நீக்கச் சுண்ணாம்பும் கந்தகச் சேர்மங்களும் சேரும். பதனிடக் குரோமியம் சேரும். கழிவுநீரைத் துப்புரவாக்கும் நிலையங்கள் எழுந்தபோதும், நுண்ணுயிரைக் கொண்டு இயங்கும் அம்முறையால் கரைந்த உப்பு நீங்குவதில்லை. அதனைப் பிரித்தெடுக்கத் தனிப் பொறிகள் வேண்டும். கிணற்று நீர் ஏன் உப்புக் கரித்தது என்பதற்குக் கரணியம் இதுவே.

“தண்ணீர் வாயில் வைக்க ஆகவில்லை, பயிர் கருகுகின்றது, தென்னை காய்ப்பைக் குறைத்தது” என்று உழவன் சொன்னால், அதற்கு எளிதிற் கிடைக்கும் மறுமொழி யாது? “மிகைப்படுத்துகிறார்கள்” என்பதே! அவன் கையில் ஆய்வுக்கூடம் இல்லை. அவன் நாக்குத்தான் இருந்தது. பிரியாணிக்குச் செல்லுபடியான நாக்கு, தண்ணீருக்குச் செல்லுபடியாகவில்லை.

1991ஆம் ஆண்டு வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தில்லி உச்ச நயன்மன்றத்தின் கதவைத் தட்டிற்று. 28.8.1996 அன்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நடுவம் மதிப்பிட்ட கணக்கொன்று அத்தீர்ப்பில் இடம்பெற்றது. தோல் தொழில் பரவிய பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாததாயிற்று என்பது அக்கணக்கு. ஏக்கரில் கூறினால் 86,000க்கும் மேல்! எந்த உழவனாவது தன் வாயால் இவ்வளவு பெரிய எண்ணைச் சொல்லியிருந்தால் அவனை ஊரே நகைத்திருக்கும். ஆய்வாளர் அளந்தபோது, உழவன் சொன்னது மிகையன்று, குன்றக் கூறலே என்பது வெளிப்பட்டது.

வருமுன் காத்தல் வேண்டும் என்பதும், மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறுதியிட்டது. ஐந்து மாவட்டத்துத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 உருபா தண்டம் கட்ட ஆணையிட்டது. இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கச் செய்தது. அதன் பின்னும் கதை முடியவில்லை. 31.1.2015 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர் நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். 30.1.2025 அன்று உச்ச நயன்மன்றம் மீண்டும் பாலாற்று வழக்கில் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிட்டாத குடும்பங்களுக்கு வழங்கவும், அத்தொகையை மாசு செய்தோரிடமிருந்து பெறவும், முன்னாள் உயர் நயன்மன்ற நடுவர் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்! வடஆர்க்காடு பிரிந்து, வேலூர் பிரிந்து, 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டன. மாவட்டத்தின் பெயர் மாறிற்று. கிணற்றின் சுவை மாறவில்லை.

நம் பக்கத்து மிகையும் ஆகாது

இதுகாறும் கூறியது கொண்டு, மிகை என்பது எதிர்த்தரப்பாரின் குற்றம் மட்டுமே என்று எவரும் மகிழ்ந்துவிட வேண்டா. தோல் ஆலைகளிலும் காலணி ஆலைகளிலும் உழைத்து உலை ஏற்றும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் எண்ணற்றவை; அவருட் பெரும்பகுதியினர் பெண்டிர். ‘தோல் தொழிலே நஞ்சு, ஆலை வைத்தோர் எல்லாரும் கொலைஞர்’ என்று முழங்குவது மிகைப்படுத்தல். ஊரில் வரும் ஒவ்வொரு நோய்க்கும் சான்றின்றி ஆலையையே சுட்டுவதும் மிகைப்படுத்தல். அத்தகைய முழக்கம், மெய்யாகவே பட்ட துன்பத்தைக் கூறுவோரின் சொல்லையும் சேர்த்துக் கெடுத்துவிடும். நூறு உண்மைகளோடு ஒரு மிகையைக் கலந்தால், எதிரி அவ்வொன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நூற்றையும் ஆற்றில் விட்டுவிடுவான்.

தமிழின் பெருமை பேசப் புகுவோர்க்கும் இதுவே நெறி. கீழடி அகழாய்வைப் பற்றித் தமிழக அரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, அப்பண்பாட்டின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை கொண்டு சென்றது. அவ்வளவே கூறுக! அதன்மேல் ஓர் ஆயிரம் ஆண்டை நம் ஆர்வத்தினால் ஏற்றி வைத்தால், மயிற்பீலி ஏற்றிய வண்டியின் கதைதான். இருப்பதே மலைபோல் இருக்கும்போது மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுவானேன்? தமிழுக்கு மிகை வேண்டா. தமிழைக் குன்றக் கூறுவாரை மறுக்கச் சான்று போதும்.

செய்ய வேண்டுவது

‘மிகை’ என்று ஒருவர் கூறக் கேட்டால், நான்கு வினாக்களை எழுப்பக் கற்றுக்கொள்ளுங்கள். உண்மை அளவு எது? அதை அளந்தவர் யார்? மிகை என்று கூறுபவருக்கு அதனால் வரும் பயன் யாது? அவர் கூறாமல் விட்டது எது? நான்காம் வினாவிலேதான் குன்றக் கூறல் என்னும் கள்வன் அகப்படுவான்.

அளவுகோலை மக்கள் கைக்கு மீட்டுக் கொணர்வதும் இயல்வதே. குடிநீரில் கரைந்த உப்புகள் ஓர் இலிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருத்தல் ஏற்கத்தக்கது. வேறு நீர் கிட்டாத இடத்தில் 2,000வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இவ்வெண்களை ஒவ்வொரு பள்ளி மாணாக்கனும் திருக்குறளைப்போல் நெட்டுருச் செய்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை தம் ஊர்க் கிணற்று நீரை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, வந்த எண்ணை ஏட்டிற் குறித்து வைத்தல் வேண்டும். கோடையில் எவ்வளவு, மழைக்குப்பின் எவ்வளவு என்று தமிழில் எழுதி ஊர்மன்றச் சுவரில் ஒட்டுதல் வேண்டும். ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்னும் சொல்லை மிகை என்று தள்ளிவிடலாம். நாளும் இடமும் குறித்த எண்ணை அவ்வாறு தள்ள எவராலும் ஆகாது.

தோல் பதனிடுவோர் ‘பதம்’ என்னும் சொல்லின் அருமையை அறிவர். சுண்ணாம்பு குறைந்தால் மயிர் நீங்காது. கூடினால் தோல் நைந்துபோகும். சொல்லுக்கும் அப்பதம் உண்டு. குன்றினால் உண்மை வெளிப்படாது. மிகுந்தால் உண்மையே நைந்துபோகும்.

அவ்வாறாயின், சிறியதைப் பெரிதாகக் கொள்ளத் தக்க இடமே இல்லையா? உண்டு என்கிறார் வள்ளுவர். பிறர் செய்த தினையளவு உதவியைப் பனையளவாகக் கொள்ளச் சொல்கிறார், செய்ந்நன்றியறிதலில் (104). தம்மிடம் நேர்ந்த தினையளவு குற்றத்தைப் பனையளவாகக் கொள்வார் பழிக்கு அஞ்சுவோர் என்கிறார், குற்றங்கடிதலில் (433). பிறர் நலத்தையும் தன் குற்றத்தையும் பெருக்கிக் காண்பதே மாந்தர்க்கு உரிய மிகை. இற்றை உலகமோ தன் நலத்தையும் பிறர் குற்றத்தையுமே பெருக்கிக் காண்கின்றது. தன் குற்றத்தைச் சுட்டுவோரை நோக்கி ‘மிகை’ என்று கூவுகின்றது. வள்ளுவர் பனையை நட்ட இடம் வேறு. இவர்கள் நட்ட இடம் வேறு!

தமிழ் நெஞ்சங்களே! பாலாறு என்று பெயரிட்ட முன்னோர் பொய்யர் அல்லர்; அவர்கள் கண்ட நீர் அப்பெயரைத் தாங்கிற்று. அப்பெயரை மீண்டும் மெய்யாக்குவதற்கு முழக்கம் வேண்டா. அளந்த எண்ணும், அஞ்சாத நாவும், அயற்சொல் கலவாத தெளிந்த தமிழும் வேண்டும். உள்ளதை உள்ளவாறே உரைப்போம். எவர் முன்னும் குன்றாது உரைப்போம்!

வாழ்க தமிழ்! வாழ்க பாலாறு!